ஏழு நதி வேண்டாம், ஒரே நதியோடு சில நாள் இருங்கள்

கேள்வி: எனக்கு வயது 61. மோகனூர் பக்கம் காவிரிக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள். '15 நாளில் ஏழு புண்ணிய நதிகளில் நீராடல்' என்று ஒரு சுற்றுலா நோட்டீஸ் பார்த்ததிலிருந்து போக வேண்டும் என்று மனசு துடிக்கிறது. ஆனால் முழங்கால் வலி, சர்க்கரை இரண்டும் இருக்கின்றன. மகளோ, 'காசியில் கங்கை வெறும் சாக்கடை, காலே வைக்காதே' என்று வீடியோ மேல் வீடியோவாக அனுப்புகிறாள். கணவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. 'கூட வருகிறேன், முழுக்குப் போடச் சொல்லாதே' என்கிறார். முங்கிக் குளிக்காமல் வந்தால் பலன் உண்டா? நாங்கள் எங்கே போகலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த நோட்டீஸை ஓரமாக வையுங்கள். 15 நாளில் ஏழு நதி என்றால் பாதி நாள் பஸ்ஸிலும் ரயிலிலும்தான் கழியும். ஏழு என்பது கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி. இதில் காவிரி உங்கள் ஊரிலேயே ஓடுகிறது. சரஸ்வதி கண்ணுக்குத் தெரியாமல், கங்கையும் யமுனையும் கூடும் பிரயாகையில் (அலகாபாத்) வந்து கலப்பதாக நம்பிக்கை. சிந்துவைப் பார்க்க லடாக்கில் லே வரை போக வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் அது. விமானத்தில் இறங்கினால் இரண்டு நாளாவது அறையிலேயே கிடந்து, குறைவான காற்றுக்கு உடம்பைப் பழக்க வேண்டும். வரிசையாக ஏழு நதிக்கு ஓடுகிற பயணத்தில் அதற்கு யார் நேரம் தருவார்கள்?

ஏழு நதிக்கும் நேரில் போய் வந்தால்தான் புண்ணியம் என்று கட்டாயம் எதுவும் இல்லை. நம் பெரியவர்கள் வீட்டில் குளிக்கும்போது என்ன சொல்வார்கள்? ஏழு நதிகளின் பெயரையும் சொல்லி, 'இந்த நீரில் வந்து எழுந்தருளுங்கள்' என்று அழைப்பார்கள். கிணற்றடியில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு சொல்கிற வார்த்தை அது. நதிகளைத் தேடி ஓட முடியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். அதனால் எண்ணிக்கைக் கவலையை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எதற்குப் போக வேண்டும்? ஒரு நதியோடு பழகுவதற்குத்தான். காலையில் ஒரு முகம், உச்சி வெயிலில் ஒரு முகம், விளக்கு வைக்கும் நேரத்தில் வேறு முகம். காவிரிக் கரைக்காரரான உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, முக்கால் மணி நேரத்தில் குளித்து, ஈரத் துணியோடு மறுபடி ஏறுகிறவர்களுக்கு இது எதுவும் கிடைக்காது. எனக்கு அதில்தான் பெரிய வருத்தம். வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டுக் கங்கைக்கு வந்தவர்கள், கங்கையைச் சரியாகப் பார்க்காமலே திரும்பிப் போகிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது கங்கை ஒன்றை மட்டும். ஆனால் இரண்டு இடத்தில். ஹரித்வாரில் மூன்று இரவு, காசியில் நான்கு இரவு. குளியல் ஹரித்வாரில், தரிசனம் காசியில்.

ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்றால், உங்கள் மகள் சொல்வதில் பாதி உண்மை. கங்கை சுமார் 2,500 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. எல்லா இடத்திலும் ஒரே தண்ணீர் கிடையாது. மலையை விட்டு இறங்கும் ரிஷிகேசம், ஹரித்வாரில் இருக்கிற நீர் வேறு. கான்பூரின் தோல் பதனிடும் ஆலைக் கழிவையும் வழிநெடுக எத்தனையோ ஊர்களின் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு காசிக்கு வரும் நீர் வேறு. டெல்லியைத் தாண்டி வருகிற யமுனையும் அப்படித்தான். மதுராவில் விச்ராம் கட்டம் என்கிற படித்துறையில் ஆரத்தி பார்க்கலாம், குளிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

தண்ணீர் தெளிவாக இருப்பதை மட்டும் வைத்து எடை போட முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கத் தகுந்த நீருக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. மலக்கழிவிலிருந்து வரும் கோலிஃபார்ம் கிருமி 100 மில்லி லிட்டரில் 500க்குள் இருப்பது நல்லது, எப்படியும் 2,500ஐத் தாண்டக் கூடாது. காசிப் படித்துறைகளில் இந்த அளவு தாண்டுவது புதிய செய்தி அல்ல. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் சின்னக் கீறல் இருந்தாலே போதும், அது ஆறாமல் இழுத்துக்கொண்டே போகும். மரத்துப்போன பாதமாக இருந்தால் படியில் கிடக்கும் கண்ணாடித் துண்டு குத்தியதுகூடத் தெரியாது. அதனால் காசியில் முழுக்கு வேண்டாம். குனிந்து கையில் நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். அதற்கு புரோக்ஷணம் என்று சாஸ்திரத்திலேயே இடம் இருக்கிறது. உடம்பு முடியாதவர்கள் காலங்காலமாக அப்படித்தான் செய்துவருகிறார்கள். வாயில் மட்டும் விடவே வேண்டாம். பலன் குறையுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். குறையாது என்று நான் மனதார நம்புகிறேன்.

ஹரித்வாருக்கு வருவோம். அங்கே ஹர் கி பௌடி என்கிற படித்துறை உங்கள் முழங்காலுக்கு ஏற்றது. நீரின் வேகம் அதிகம் என்பதால் பிடித்துக்கொள்ள இரும்புச் சங்கிலிகள் போட்டிருப்பார்கள். முங்க நினைக்காமல், ஈரம் படும் படியில் உட்கார்ந்துவிடுங்கள். இடக்கையில் சங்கிலி, வலக்கையில் சொம்பு. வீட்டிலிருந்தே ஒரு சொம்பு எடுத்துப் போங்கள். முதல் சொம்பு தலையில் விழும்போது மூச்சு அப்படியே நின்று வரும், அவ்வளவு சில்லிப்பு. மூன்றாவது சொம்புக்குப் பிறகு எழுந்திருக்கவே தோன்றாது. ஆனால் சங்கிலியைத் தாண்டி ஒரு படிகூட இறங்க வேண்டாம். காவிரியில் நீந்திப் பழகிய தைரியம் அங்கே செல்லாது.

அஸ்தமன நேரத்தில் அங்கே ஆரத்தி நடக்கும். கூட்டம் நெருக்கும் என்பதால் ஒரு மணி நேரம் முன்பே போய் இடம் பிடித்து உட்காருங்கள். தொன்னையில் பூவும் திரியும் வைத்து விளக்கு விற்பார்கள். இலைத் தொன்னையாகப் பார்த்து வாங்குங்கள், பிளாஸ்டிக்கோ தெர்மாகோலோ வேண்டாம். அருகில் வந்து சங்கல்பம் செய்து வைக்கிறேன் என்று யாராவது கையில் பூவைத் திணித்தால், தொகையை முதலில் பேசிக்கொள்ளுங்கள். விருப்பமில்லை என்றால் கும்பிட்டு நகர்ந்துவிடலாம், தப்பே இல்லை.

முக்கியமான ஒன்று: தீபாவளி விடுமுறையில் ஹரித்வார் போகாதீர்கள். ஹர் கி பௌடியில் ஓடுவது கங்கையிலிருந்து கால்வாய்க்காகத் திருப்பிவிடப்பட்ட நீர். வருடாவருடம் தசராவிலிருந்து தீபாவளி வரை பராமரிப்புக்காகக் கால்வாயை மூடுவார்கள். அந்த நாட்களில் படித்துறையில் நீர் வற்றிக் கூழாங்கல்தான் தெரியும். நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் சரியாக அந்த வாரத்தில் போய் நின்று ஏமாறுகிறார்கள்.

நடுவில் ஒரு பகல் தேவப்பிரயாகை போய் வாருங்கள். ரிஷிகேசத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், மலைப்பாதை. வளைவுகள் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் முன்சீட்டில் உட்காருங்கள். பாகீரதியும் அலக்நந்தாவும் அங்கேதான் கலக்கின்றன, அதற்குக் கீழேதான் அந்த ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். ஆரவாரத்தோடு வருகிற பாகீரதியை மாமியார் என்றும், அடக்கமாக வருகிற அலக்நந்தாவை மருமகள் என்றும் அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள். பல மாதங்களில் இரண்டின் நிறமும் வேறு வேறாக, நடுவில் கோடு போட்டதுபோல் தெரியும். இறங்குகிற படிகள் செங்குத்தானவை. உங்கள் முழங்கால் வலிக்கு, மேலே சாலையில் நின்று பார்ப்பதே போதும், பார்வைக்கும் அந்த இடம்தான் அழகு. அங்கிருக்கும் ரகுநாதர் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர்.

அப்புறம் காசி. அங்கே கங்கை வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில், கிழக்கைப் பார்த்து இருப்பதால் சூரியன் எதிர்க்கரையில் நேராக முகத்துக்கு எதிரே எழும். விடிவதற்கு முன் அஸ்ஸி கட்டத்தில் படகு பிடியுங்கள். படிகளில் ஏறி இறங்காமலே எல்லாத் துறைகளையும் பார்த்துவிடலாம். மணிகர்ணிகையிலும் அரிச்சந்திர கட்டத்திலும் சிதைகள் எரிந்துகொண்டிருக்கும். கைபேசியைப் பையில் வைத்துவிடுங்கள், அங்கே எரிவது யாரோ ஒருவரின் தாயோ தகப்பனோ. தங்குவதற்கு நகரத்தார் சத்திரம் இருக்கிறது. பித்ரு காரியம் ஏதும் செய்வதாக இருந்தால் அனுமன் கட்டம் பகுதியில் தமிழ் பேசும் சாஸ்திரிகள் கிடைப்பார்கள். சந்துகளில் வண்டி வராது, நடைதான். ஒரு நாளைக்கு ஒரு கோயில், ஒரு படித்துறை என்று வைத்துக்கொண்டால் கால் தாங்கும்.

உங்கள் கணவரைப் பற்றி. அவர் வருகிறேன் என்று சொன்னதே பெரிய விஷயம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வற்புறுத்தாதீர்கள். நீங்கள் நீராடும்போது மேல்படியில் உங்கள் பையையும் துண்டையும் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கட்டும், ஆற்றங்கரையில் அப்படி ஒருவர் துணை கட்டாயம் வேண்டும். காசியில் அவருக்குப் பார்க்க நிறைய உண்டு. பாரதி இளமையில் வாழ்ந்த வீடு அனுமன் கட்டத்தில்தான் இருக்கிறது, தமிழக அரசு அதில் நினைவிடம் அமைத்திருக்கிறது. குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம் கேதார கட்டத்தில் இருக்கிறது. நம்பிக்கை இருக்கிறவர், இல்லாதவர் என்று பார்த்து ஆறு ஓடுவதில்லை. படகில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் விடியலைப் பார்க்கட்டும்.

பிரயாகை? காசியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்தான். உடம்பு நன்றாக இருந்தால் ஒரு பகல் போய், படகில் சங்கமம் வரை சென்று தெளித்துக்கொண்டு வரலாம். ராமேஸ்வரத்து மணலைக் கொண்டுபோய் அங்கே கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் எடுத்துவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வது நம் பழைய வழக்கம். காசியில் கங்கை நீர் எடுக்கும் வழக்கம் கிடையாது. அதனால் வீட்டுக்கு நீர் வேண்டுமென்றால் ஹரித்வாரிலோ பிரயாகையிலோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய திருவிழா நாட்களில் எந்த நதிக்கும் போகாதீர்கள், இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் நதித் திருவிழாவான கோதாவரி புஷ்கரத்தில், 2015ல் முதல் நாளே ராஜமுந்திரியில் நெரிசலில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2025 ஜனவரியில் கும்பமேளாவின் மௌனி அமாவாசையன்று பிரயாகையில் இறந்தவர்கள் அரசுக் கணக்கிலேயே 30 பேர். முழங்கால் வலியோடு ஓடி ஒதுங்க முடியாதவர்கள் அந்தக் கூட்டத்தில் நிற்கக் கூடாது. அடுத்த கோதாவரி புஷ்கரம் 2027ல் வருகிறது, அதற்கும் சேர்த்தே சொல்லிவிட்டேன். கோதாவரி மறுநாளும் ஓடும்.

இன்னொரு வேண்டுகோள். குளித்த சேலையை ஆற்றிலேயே விட்டால் தோஷம் போகும் என்று எங்கே யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பாபநாசத்தில் தாமிரபரணி படும் பாடு போதும். பாறை இடுக்கெல்லாம் துணி மூட்டைகளாகச் சிக்கி நீரை அடைக்கின்றன. உங்கள் காவிரியிலும் ஆடிப் பெருக்கு முடிந்த மறுநாள் கரையைப் பாருங்கள். ஈரத் துணியைப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். ஆற்றைத் தாய் என்று கும்பிடுகிற நாமே அவள்மேல் குப்பை போடலாமா?

காலம் என்று பார்த்தால், வடக்கே கொண்டாடும் கார்த்திகைப் பௌர்ணமிக் கூட்டம் வடிந்த பிறகு, நவம்பர் கடைசி முதல் டிசம்பர் முதல் வாரம் வரை நல்லது. அதற்குப் பிறகு வடக்கே பனிமூட்டம் கவிந்து ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அது தவறினால் சிவராத்திரி முடிந்து பங்குனி வெயில் ஏறுவதற்குள் போகலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை வேண்டாம், வெள்ளம் வந்தால் காசியில் படிகளே முழுகிப் படகும் நின்றுவிடும்.

ராமேஸ்வரத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் காசிக்கு வாராந்திர நேரடி ரயில்கள் திருச்சி வழியாகப் போகின்றன. நீங்கள் காசியை முதலில் முடித்துவிட்டு ஹரித்வார் போவதாக வைத்துக்கொண்டாலும் சரி. முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கும், திறந்த அன்றே இரண்டு பேருக்கும் கீழ் பெர்த் கேட்டுப் போட்டுவிடுங்கள். புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, குளிர்ந்த நீரில் உட்காரலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.