வைத்தியசாலைக் கணினிப் பதிவு: பயன்படுத்துவோரின் திருப்தி பற்றிய கேள்விகள்

கேள்வி: எங்கள் வார்ட்டில் நோயாளியின் காகிதப் பதிவான பெட் ஹெட் டிக்கெட்டிலும் எழுதி, அதையே கணினியிலும் பதிகிறோம். மேலிடத்திலோ, தாதியர் கணினியை விரும்புவதில்லை என்கிறார்கள். இது சரியா?
– தாதிய உத்தியோகத்தர், நுவரெலியா

பதில்: சரியல்ல. ஒரே விவரத்தை இருமுறை எழுத வைத்துவிட்டு, அதனால் வரும் களைப்பைக் கணினி மீதான வெறுப்பு என்று எடுத்துக்கொள்வது தாதியருக்குச் செய்யும் அநீதி. ஒரு தொழில்நுட்பம் தமது வேலைக்குப் பயன்படும், சிரமமின்றிக் கையாளவும் முடியும் என்று நம்பும்போதே மனிதர்கள் அதை ஏற்கிறார்கள் என 1989 இல் தகவல் முறைமை ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் விளக்கினார். இரட்டைப் பதிவு இந்த இரண்டு நம்பிக்கைகளையுமே குலைக்கிறது. எந்த விவரத்துக்குக் காகிதம் மூலப்பதிவு, எதற்குக் கணினி என்பதை நிர்வாகம் எழுத்தில் அறிவிக்குமாறு கேளுங்கள். பதிபவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறொருவர் என்ற நிலை பல இடங்களில் இருப்பதால், வைத்தியர், தாதியர், மருந்தாளர் ஆகியோரின் கருத்தைத் தனித்தனியே கேட்டறிவதும் அவசியம்.

கேள்வி: திருப்தியை அளக்க எந்த வினாக்கொத்து ஏற்றது?
– வைத்திய அதிகாரி, பதுளை

பதில்: ஜோன் புரூக் 1986 இல் உருவாக்கிய பயன்பாட்டு எளிமை அளவுகோலில் (System Usability Scale) 10 கூற்றுகளே உள்ளன, இரவுக் கடமையின் இடைவேளையிலும் நிரப்பிவிடலாம். புள்ளி 0 முதல் 100 வரை அமையும், ஆனால் அது சதவீதம் அன்று. சராசரி 68 அளவில் இருப்பதால், 60 பெற்ற முறைமையைத் தேறியதாகக் கருத வேண்டாம். கூற்றுகள் நேர்மறையாகவும் எதிர்மறையாகவும் மாறி மாறி வருவதால், தமிழ், சிங்கள வடிவங்களை முதலில் சிலரிடம் கொடுத்துப் புரிகிறதா என்று பாருங்கள். அத்துடன், தகவல் முறைமைகளின் வெற்றியை விளக்க டிலோன், மெக்லீன் என்ற ஆய்வாளர் இருவரும் 1992 இல் முன்வைத்த மாதிரியில் 2003 இல் சேர்த்த சேவைத் தரத்தையும் விசாரியுங்கள்: நள்ளிரவில் திரை உறைந்தால் அழைக்க ஒருவர் இருக்கிறாரா?

கேள்வி: மின்சாரம் நின்றால்?
– மருந்தாளர், பண்டாரவளை

பதில்: அச்சிட்ட படிவங்கள் கைவசம் இருக்க வேண்டும், மின்சாரம் வந்தபின் அவற்றைக் கணினியில் ஏற்றுபவர் யார் என்பதும் முன்னரே முடிவாகியிருக்க வேண்டும்.

கேள்வி: தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவின் பெயரை ஒவ்வொரு முறையும் வேறு எழுத்துகளில் பதிகிறார்கள். பழைய விவரம் கிடைப்பதில்லை.
– வாசகி, ஹட்டன்

பதில்: தனிப்பட்ட சுகாதார இலக்கம் வழங்கப்பட்டிருந்தால் அதையும், தேசிய அடையாள அட்டையையும் கிளினிக் கொப்பியுடன் எடுத்துச் செல்லுங்கள். புதிய பதிவைத் திறக்கும் முன் இலக்கத்தைக் கொண்டு தேடும்படி பதிவாளரிடம் பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். ஒருவருக்கு இரு பதிவுகள் இருந்தால், ஒவ்வாத மருந்து பற்றிய குறிப்பு பழையதிலேயே தங்கிவிடும். இரண்டாவது பதிவு ஏற்கெனவே உருவாகியிருந்தால், இரண்டையும் இணைக்கும்படி எழுத்தில் கோருங்கள். அதுவரை ஒவ்வாமை விவரத்தைக் கொப்பியின் முதற்பக்கத்தில் வைத்தியரைக் கொண்டே எழுதுவித்துக்கொள்ளுங்கள்.