பத்து விநாடி நகமுரா

கேள்வி: ஜப்பான் கால்பந்து வீரர் ஷுன்சுகே நகமுரா 2022-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் அவருடைய ஃப்ரீ கிக் வீடியோக்கள் இணையத்தில் இன்னும் சக்கைப்போடு போடுகின்றன. உலகக் கோப்பையில் பெரிதாக எதுவும் சாதிக்காதவருக்கு இவ்வளவு ஆரவாரம் தேவையா?

பதில்: தேவைதான். ஆனால் கைதட்டுகிறவர்களில் பாதிப் பேர் எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமலே தட்டுகிறார்கள்.

ஃப்ரீ கிக், அதாவது எதிரணி தவறு செய்ததற்காக நிறுத்தி வைத்த பந்தை அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு, செல்போனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சமாசாரம். பத்து விநாடியில் முடிந்துவிடும். எந்தத் தொடர், யார் ஜெயித்தார்கள் என்று ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம். 2006 நவம்பர் 21, கிளாஸ்கோ. கோல் ஏதும் விழாத ஆட்டம், 81-வது நிமிடம். சுமார் 30 கஜத்திலிருந்து ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு ஆடிய நகமுரா அடித்த பந்து, மான்செஸ்டர் யுனைடெட் கீப்பர் வான் டெர் சாரைத் தாண்டி மேல் மூலையில் புகுந்தது. ஐரோப்பிய கிளப் அணிகளின் தொடரான சாம்பியன்ஸ் லீக்கில் செல்டிக் முதன்முறையாகக் கடைசி 16 அணிகளின் சுற்றுக்குப் போனது அன்றைக்குத்தான். வீடியோ சொல்லாத விஷயம் ஒன்று: இரண்டு மாதம் முன்பு யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் இதே கீப்பருக்கு எதிராக இதே ஆள் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டிருந்தார். என்ன வரப்போகிறது என்று தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

எப்படி வளைகிறது? இடது காலின் உட்புறத்தால் பந்தின் இடப்பக்கக் கீழ்ப்பாதியை உரசி இழுக்கிறார். பந்து சுழன்றபடி வலப்பக்கம் திரும்புகிறது. எதிரணி ஆட்கள் வரிசைகட்டி நிற்கும் தடுப்புச் சுவர் பந்திலிருந்து 9.15 மீட்டரில், கோல் கம்பத்தின் உயரம் 2.44 மீட்டர். எனவே சுவரைத் தாண்ட ஏறிய பந்து கீழேயும் இறங்கியாக வேண்டும். வீடியோ பார்த்துப் பழகும் பையன்கள் கோட்டை விடுவது இங்கேதான். உடம்பைப் பின்னால் சாய்த்துப் பந்தின் அடியில் குத்துகிறார்கள். உயரம் கிடைக்கும், இறக்கம் கிடைக்காது, பந்து கேலரிக்குப் போய்விடும். ஊன்றும் காலைப் பந்தோடு ஒட்டி வைத்தாலும் வம்பு: இடுப்பு திரும்ப இடமிருக்காது, வளைவு வராது.

ஓடும் பஸ்ஸின் ஜன்னலைக் குறிபார்த்து அவர் பந்தடிக்கும் வீடியோவும் சுற்றுகிறதே, அது டி.வி. நிகழ்ச்சிக்காக எடுத்தது. ரசிக்கலாம், கணக்கில் சேர்க்காதீர்கள். ஜப்பானின் உள்நாட்டுத் தொடரான ஜே-லீக்கில் நேரடி ஃப்ரீ கிக்கில் 24 கோல், அதுதான் சாதனை.

உலகக் கோப்பை விஷயத்தில் நீங்கள் சொல்வது ஓரளவு சரி. 2002-ல் சொந்த நாட்டிலேயே நடந்த போட்டிக்குப் பயிற்சியாளர் ட்ரூசியே அவரைச் சேர்க்கவில்லை. 2006-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரு கோல். அந்த ஆட்டமும் 3-1 என்று கைநழுவியது. 2010-ல் பெரும்பாலும் பெஞ்ச்தான். ஆனால் அதை மட்டும் வைத்து எடை போட்டால் நீங்களும் அந்தப் பத்து விநாடி ரசிகரைப் போலத்தான். நகமுராவின் அன்றாட வேலை பாஸ் கொடுப்பது. ஓட்டத்தில் வேகம் குறைவு. பந்து காலுக்கு வருமுன்பே அடுத்தவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்து வைத்துக்கொள்வார். அதை வெட்டி ஒட்டி வீடியோ ஆக்க முடியாது, 90 நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஜே-லீக்கின் சிறந்த வீரர் விருதை இருமுறை வாங்கியவர் அவர் ஒருவர்தான்: முதலில் 2000-ல், பிறகு 2013-ல், 35 வயதில்.