நார் கலந்தால் கம்பியைக் குறைக்கலாமா?

கேள்வி: அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு மேல்தளக் கான்கிரீட் போட இருக்கிறோம். சிமெண்ட் மூட்டைக்கு ஒரு பாக்கெட் வீதம் பிளாஸ்டிக் நார் கலந்தால் விரிசலே வராது, கம்பிகளுக்கு இடையே இடைவெளியையும் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம் என்கிறார் மேஸ்திரி. இதை ஏற்கலாமா?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: நாரைத் தாராளமாகச் சேருங்கள், கம்பியில் ஒன்றைக்கூடக் குறைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கான்கிரீட் போட்ட முதல் சில மணி நேரத்தில், வெயிலும் காற்றும் மேற்பரப்பின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும்போது, இன்னும் வலுவேறாத மேல்தோல் சுருங்கி மெல்லிய வெடிப்புகள் விடும். ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமும் தலைமுடியைவிட மெல்லிய பருமனும் கொண்ட பாலிப்ரொப்பிலீன் நார்கள் கலவையெங்கும் பரவி நின்று, அந்த வெடிப்புகள் விரியாமல் பிடித்துக்கொள்கின்றன. மண்சுவருக்கு வைக்கோலை மிதித்துக் கலந்த நம் முன்னோருக்கு இந்த நுட்பம் தெரிந்தே இருந்தது.

ஆனால் கான்கிரீட் இறுகிய பிறகு கதை வேறு. ஒரே பருமனுள்ள எஃகையும் பாலிப்ரொப்பிலீனையும் ஒரே விசையால் இழுத்தால், எஃகைவிடப் பாலிப்ரொப்பிலீன் பல மடங்கு அதிகமாக நீளும். ஆகவே தளம் வளையும்போது அதன் அடிப்பகுதியில் உண்டாகும் இழுவிசையை நாரால் தாங்க முடியாது. அளவையும் பாருங்கள்: மூட்டைக்கு 125 கிராம் என்றால், 7 மூட்டை செல்லும் ஒரு கனமீட்டர் கான்கிரீட்டில் 875 கிராம் நார்தான் இருக்கும். கன அளவில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடக்கும். கம்பியோ இழுவிசை எங்கே வருகிறதோ அங்கேயே கட்டப்படுகிறது.

தொழிற்சாலைத் தரைகளில் 40 முதல் 60 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள தடித்த செயற்கை நார்களைக் கனமீட்டருக்குச் சில கிலோ வீதம் கலந்து, கம்பி வலையைத் தவிர்ப்பதுண்டு. கீழே தாங்க மண் இருப்பதாலும், பொறியாளர் அதற்கெனக் கணக்கிட்டிருப்பதாலும் அது சாத்தியமாகிறது. அந்தரத்தில் நிற்கும் உங்கள் மேல்தளத்துக்கு அது பொருந்தாது.

எனக்குள்ள பெரிய அச்சம் தண்ணீரைப் பற்றியது. நார் சேர்ந்ததும் கலவை கெட்டிப்பட்டதுபோலத் தோன்றும். உடனே ஆட்கள் கூடுதலாக ஒரு வாளி ஊற்றிவிடுவார்கள். அதனால் வலிமை குறைவதோடு, உலரும்போது சுருக்கமும் கூடி, நார் சேர்த்த பயனே அழிந்துபோகும். நெகிழ்வு போதவில்லை என்றால், தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கச் சொல்லுங்கள். நாரை மொத்தமாகக் கொட்டினால் உருண்டை கட்டிக்கொள்ளும் என்பதால், உதிர்த்துத் தூவச் சொல்லுங்கள். நார் போட்டுவிட்டோமே என்று, தளத்தை ஈரமாகவே வைத்து நீராற்றும் நாட்களைச் சுருக்க வேண்டாம். நிலக்கரிச் சாம்பலோ உலைக்கசடோ சேர்த்த கலப்புச் சிமெண்டாக இருந்தால், இந்த வெயிலில் பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்துவதே நல்லது.

கேள்வி: தீப்பிடித்தால் இந்த நார் உருகிவிடாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உருகத்தான் செய்யும், சுரங்கப்பாதைகளில் அந்த உருகலே பயனாகிறது. அடர்த்தியான கான்கிரீட் திடீரென்று சூடேறும்போது உள்ளே அடைபட்ட நீராவி, மேற்பரப்பைச் சில்லுச் சில்லாகத் தெறிக்கச் செய்யும். இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கத்தில் 1996-இல் தீப்பற்றியபோது, கான்கிரீட் உட்சுவர் இவ்வாறுதான் பெயர்ந்து விழுந்தது. நார் கலந்திருந்தால், அது உருகி விட்டுச்செல்லும் நுண்ணிய வழிகளில் நீராவி வெளியேறி அழுத்தம் தணியும்.