மூன்று மாதமும் கப் நூடுல்ஸா?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாக ஆலையில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் கொரியாவில் உல்சான் நகரத்துக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். மதியம் கேன்டீன் உண்டு. இரவும் ஞாயிற்றுக்கிழமையும் நம் பாடு. நான் மாடு, பன்றி சாப்பிடுவதில்லை. கோழி, மீன், முட்டை சாப்பிடுவேன். எனக்கு முன் போய்வந்த சீனியர், பாஷை தெரியாத கூச்சத்தில் அறையிலேயே கப் நூடுல்ஸும் ஊறுகாயுமாக ஓட்டியிருக்கிறார். பெரிய ஹோட்டல் எனக்குக் கட்டுப்படியாகாது. தெருமுனைக் கடைக்குள் தனியாகப் போய்ச் சாப்பிட முடியுமா? அசிங்கப்பட்டுவிடுவேனோ?
(பெயர் வேண்டாம், ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: தம்பி, முதலில் உங்கள் சீனியர் விஷயம். கொரியாவில் விற்கும் கப் நூடுல்ஸ் பலவற்றின் மசாலாப் பொடியில் மாட்டிறைச்சிச் சாறு உண்டு. அவரும் உங்களைப் போல மாடு தொடாதவர் என்றால், பாவம், அறைக்குள் பத்திரமாக உட்கார்ந்து அதைத்தான் குடித்திருப்பார். அவரிடம் சொல்ல வேண்டாம்.

தெருமுனைக் கொரியக் கடையை ரெஸ்டாரன்ட் என்று நினைக்காமல் மெஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள், பாதிக் கூச்சம் போய்விடும். ஆறேழு மேஜை, சமையல்கட்டில் ஒரு அம்மா, மூலையில் யாரும் பார்க்காத டிவி. உல்சானில் ஹூண்டாய் ஆலை 1968-இலிருந்து ஓடுகிறது. ஷிப்டு முடிந்து ஒண்டியாக வந்து, பத்து நிமிடத்தில் சாப்பிட்டுப் போகிற ஆளை அந்த ஊர்க் கடைகள் தினமும் பார்க்கின்றன. உங்களை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

நான் பக்கத்து ஊரான பூசானில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். முதல் நாள் தனியாக ஒரு கடைக்குப் போய், தண்ணீர் வரும், மெனு வரும் என்று கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதுவும் வரவில்லை. எதிர்ச் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது 'தண்ணீர் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்பதுதானாம். மெனுவும் சுவரிலேயே இருந்தது, விலையோடு. ஸ்பூன் எங்கே என்று சைகையில் கேட்டதும் அந்த அம்மா வந்து, என் வயிற்றுக்கு நேரே மேஜையில் இருந்த இழுப்பறையை இழுத்துக் காட்டினார். ஸ்பூன், சாப்ஸ்டிக், டிஷ்யூ எல்லாம் உள்ளே அடுக்கியிருந்தன. இருவருமே சிரித்துவிட்டோம். அசிங்கம் என்று நீங்கள் பயப்படுவது அதிகபட்சம் இவ்வளவுதான்.

ஆளைக் கூப்பிட மேஜையில் பெல் இருந்தால் அழுத்துங்கள். இல்லாவிட்டால் 'ஜோகியோ' என்று சத்தமாகவே கூப்பிடலாம், அங்கே அது மரியாதைக் குறைவில்லை. பழகிய கடையில் பரிமாறும் அம்மாவை 'இமோ' என்பார்கள். அம்மாவின் கூடப்பிறந்தவள், நம் சித்தி, பெரியம்மா. கொரிய மொழியிலும் அப்பா உண்டு, அம்மா உண்டு என்று எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள். எனக்கென்னவோ உறவே இல்லாத கடைக்காரரைச் சித்தி என்று கூப்பிடுவதுதான் நம்ம ஊர் மாதிரி இருந்தது.

தனி ஆளுக்குத் தோதானது 'பெக்பான்'. சோறு, ஒரு சூப், சின்னச் சின்னத் தட்டுகளில் நாலைந்து தொடுகறி. கிம்ச்சி என்கிற காரமான முட்டைக்கோஸ் ஊறுகாய், சோயா முளை, கீரை, இனிப்பாகப் புரட்டிய நெத்திலிக் கருவாடு என்று நாளுக்கு நாள் மாறும். தொடுகறிக்குப் 'பான்சான்' என்று பெயர். தனிக் காசு கிடையாது, தீர்ந்தால் இன்னும் கேட்கலாம். மொத்தம் 8,000 முதல் 10,000 வோன் வாக்கில் ஆகும், நம் காசுக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய். டிப்ஸ் வைக்காதீர்கள், போகும்போது கல்லாவில் கொடுத்தால் போதும்.

சோறு மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் வரும். சட்டென்று கையில் எடுத்துவிடாதீர்கள், சுடும். அங்கே கிண்ணத்தைத் தூக்கிச் சாப்பிடும் வழக்கமும் இல்லை. அந்தக் கிண்ணம் எந்தக் கடைக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அரிசியை மிச்சம் பிடித்த காலத்தில், 1976-இல், தலைநகர் சோலின் மாநகராட்சி ஹோட்டல் சோற்றுக் கிண்ணம் 10.5 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம் என்று விதி போட்டது. அதாவது அளவுச் சாப்பாடு. நம் வயிற்றுக்குப் பத்தாது. 'கோங்கிபாப்' என்று கேளுங்கள், வழக்கமாக 1,000 வோனுக்கு இன்னொரு கிண்ணம் வரும்.

இனி மாடு, பன்றி. 'கறி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் காரியம் கெடும். கறிக்கு அங்கே 'கோகி' என்பார்கள். தட்டில் துண்டாகத் தெரிந்தால்தான் பலருக்கு அது கோகி. ஹாம், அதாவது பதப்படுத்திய பன்றிக்கறி, அந்தக் கணக்கில் வராது, சூப்பில் இறங்கிய எலும்புச் சாறு வரவே வராது. முட்டை சைவமா என்று நாம் இங்கே அடித்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. கோகி வேண்டாம் என்று சொல்லித்தான் நான் கிம்பாப், கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு, வாங்கினேன். வெட்டிய ஒவ்வொரு வில்லையின் நடுவிலும் இளஞ்சிவப்பாக ஒரு ஹாம் துண்டு! அதனால் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்: 'த்வேஜிகோகி, சோகோகி மோன் மொகொயோ'. பன்றி, மாடு சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். கொரிய எழுத்தில் போனிலும் வைத்துக்கொண்டு, உட்காருவதற்கு முன்பே காட்டிவிடுங்கள். அடுப்பில் ஏறிய பிறகு சொன்னால் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே குழம்பைத்தான் கொடுப்பார்கள்.

'ஜிகே' என்றால் குழம்பு. கிம்ச்சி ஜிகே பார்க்கச் சாதுவாக இருக்கும், பெரும்பாலும் பன்றிதான். புதே ஜிகே முழுக்க சாசேஜும் டப்பா இறைச்சியும். காய்கறி போட்டுக் கலந்து சாப்பிடும் சோறான பிபிம்பாப்பின் மேல் மாட்டுக் கொத்துக்கறி தூவுவது சகஜம். பூசான், உல்சான் பக்கம் தெருவுக்கு ஒன்றாக இருக்கும் 'குக்பாப்' (சூப்பும் சோறும்) கடையில் கொதிக்கிற பானை பெரும்பாலும் பன்றி எலும்புதான், அங்கே கேட்டுப் பயனில்லை, தாண்டிப் போய்விடுங்கள். தென்ஜாங் ஜிகேயும் (சோயா விழுதுக் குழம்பு) சுந்துபு ஜிகேயும் (மெத்தென்ற டோஃபுக் குழம்பு) கடைக்குக் கடை மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வாய்த்தது மீன் சுடும் கடை. கானாங்கெளுத்தி மாதிரி ஒரு மீனை இரண்டாகப் பிளந்து, உப்பு மட்டும் போட்டு, தோல் பொரியச் சுட்டு, சோறு, சூப், பான்சானோடு வைப்பார்கள். அந்த மீனின் பெயர் காதில் ஏறக்குறைய 'கொடுங்கோ' என்றே விழும். மறக்கவே மாட்டீர்கள். வேறொரு நாள் சம்கேதாங் சாப்பிடலாம், அரிசியும் பூண்டும் ஜின்செங் வேரும் அடைத்த முழுக் குஞ்சுக்கோழி சூப்பு. கொளுத்தும் கோடையில்தான் அதைத் தேடிப் போய்ச் சாப்பிடுகிறார்கள், விசித்திரம். கோழியை மேஜையிலேயே வதக்கித் தரும் தக்கால்பிக் கடைகளில் பெரும்பாலும் இரண்டு ஆள் அளவுக்குக் குறைந்து தர மாட்டார்கள். அதற்கு ஒரு கூட்டாளியைப் பிடியுங்கள்.

சாப்பிடும் முறைகளைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். சோற்றுக்கும் சூப்புக்கும் ஸ்பூன், பான்சானுக்குச் சாப்ஸ்டிக். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைக்காதீர்கள், அது முன்னோர் படையலை நினைவூட்டும். பெரியவர் யாரும் கூட வந்தால் அவர் ஸ்பூனைத் தொட்ட பிறகு ஆரம்பியுங்கள். பல கடைகள் மூன்றிலிருந்து ஐந்து வரை மூடியிருக்கும்.

அப்புறம், பத்துக் கடை தேடி அலையாதீர்கள். அறைக்குப் பக்கத்தில் ஒரே கடையைப் பிடித்து, முதல் வாரத்திலேயே நாலு தடவை போங்கள். கிளம்பும்போது 'ஜல் மொகொஸ்ஸும்னிதா', நன்றாகச் சாப்பிட்டேன், என்று சொல்லுங்கள். நான்காம் நாள் என் கடைக்கார அம்மா நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சமையல்கட்டைப் பார்த்து, த்வேஜிகோகி வேண்டாம் என்று கத்தினார். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை அங்கே நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊறுகாய் தாராளமாகக் கொண்டுபோங்கள். இரண்டு பாட்டிலாக. ஒன்றை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவர் முகம் எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள்.