எந்த நாட்டில் செய்தால் என்ன?

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் புதுக் காடி (கார்) வாங்கினேன். மழை பெய்தால் முன்கதவு வழியே தண்ணீர் இறங்குகிறது. அடுத்த வருடம் இந்த மாடலை வேறு நாட்டில் தயாரிக்கப்போகிறார்களாம். அப்போது குறை தீரும், மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா அண்ணே?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள், தங்கச்சி. முதலில் ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து, கதவைச் சாத்தி, தாளை இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் இறுக்கமாக இருந்து, ஒரே இடத்தில் மட்டும் லேசாக வந்துவிட்டால், அங்கே ரப்பர் சரியாக அழுந்தவில்லை. இதே மாடல் வைத்திருப்பவர்களையும் கேளுங்கள். எல்லாருக்கும் அதே மூலையில் ஒழுகினால் வடிவமைப்பிலேயே கோளாறு. தொழிற்சாலை எந்த நாட்டுக்குப் போனாலும் அதுவும் கூடவே போகும்.

அம்மா இங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் விழுந்த பட்டை, இலையை எடுத்துவிட்டுத்தான் வாளியில் ஊற்றுவார். ஸ்டோரில் வடிகட்டுவார்கள்தானே என்பேன். "அழுக்கு எங்கே சேருதோ அங்கேயே எடுக்கணும்டா" என்பார்.

டகாடா என்ற ஜப்பானியக் கம்பெனியின் ஏர்பேக்கில் (மோதும்போது ஊதிக்கொள்ளும் காற்றுப்பை) நடந்ததும் அதுதான்; குறை வடிவமைப்பிலேயே இருந்தது. பையை ஊத வைக்கும் அம்மோனியம் நைட்ரேட் மருந்து சூட்டிலும் ஈரக்காற்றிலும் வருடக்கணக்கில் கெட்டு, வெடிக்கும்போது இரும்புத் துண்டுகளை வீசியது. அமெரிக்காவில் செய்ததிலும் மெக்சிகோவில் செய்ததிலும் அதே குறை. நம் மலேசியாவிலும் உயிர்கள் போயின. உங்கள் வீட்டில் பழைய காடி இருந்தால், சேசிஸ் எண்ணைச் சொல்லி, காடிக் கம்பெனியிடம் உடனே விசாரியுங்கள்.

உங்கள் காடியில் மட்டும் ஒழுகுகிறதா? சரி, அப்படியானால் பொருத்தியவர்கள் விட்ட பிழை. அதற்கு நாடே மாற வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய தொழிற்சாலை தரத்தில் கெட்ட பேர் வாங்கியது. 1984இல் டொயோட்டாவும் சேர்ந்து திறந்தபோது, பெரும்பாலும் பழைய ஆட்களையே எடுத்தார்கள். பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். பிழை கண்ணில் பட்டால் கயிற்றை இழுத்து வேலையையே நிறுத்தும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தார்கள். அங்கே செய்த காடி ஜப்பானில் செய்ததற்கு ஏறக்குறைய நிகராக வந்தது. அந்த ஆட்களிடம் கைத்திறன் முன்பே இருந்தது. பிழையைக் கண்டாலும் வேலையை நிறுத்த முன்பு விடவில்லை, அவ்வளவுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

அப்புறம், காடியை என் பட்டறைக்கு இப்போது கொண்டு வராதீர்கள். வாரண்டி இருக்கிறது, வெளியாள் கை வைத்ததாகச் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் இறங்குவதைக் கைப்பேசியில் படமெடுத்து, எழுத்தில் புகார் கொடுங்கள். அவர்கள் தருகிற சீட்டில் "ஒழுகல்" என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.