ஞாயிறு மாலை வரும் படபடப்பு

கேள்வி: எனக்கு வயது 28. மலேசியாவில், பீடோங்கிலிருந்து தினமும் பட்டர்வொர்த் பக்கம் உள்ள ஒரு பதிப்பகத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பள்ளிப் பயிற்சி நூல் பிரிவில் மூன்று வருடமாக உதவிப் பதிப்பாசிரியர். பதினோரு பேரில் தமிழர் நான் ஒருத்திதான். மீட்டிங் ஆங்கிலத்தில் தொடங்கி மாண்டரினுக்குப் போய்விடும். தமிழ் சம்பந்தப்பட்டது எதுவானாலும் இரவு பத்து மணிக்கும் எனக்கு வாட்ஸ்அப் வரும். ஒரு படப்புத்தகத்தில் மூன்று பக்கத்திலும் தமிழ் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறார். ஒரு பக்கத்திலாவது மாற்றலாமே என்றேன். "ரொம்ப சென்சிட்டிவ்" என்று சிரித்தார்கள். நான்கு மாதமாக ஞாயிறு மாலையானால் நெஞ்சு படபடக்கிறது, வயிறு கலக்குகிறது, விடிகாலை மூன்றுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வெள்ளி இரவு மட்டும் நன்றாகத் தூங்குகிறேன். ஈ.சி.ஜி. நார்மல் என்று காஸ்ட்ரிக் மாத்திரை கொடுத்தார்கள். அம்மா கண் பட்டிருக்கிறது என்று சுற்றிப் போட்டார். இது இதயமா, மனநோயா? வேலையை விட்டுவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அந்த வெள்ளி இரவுத் தூக்கம்தான். இதயத்துக்குக் கிழமை தெரியாது. இருந்தாலும் இரண்டு ரத்தப் பரிசோதனை பாக்கி இருக்கிறது: ஹீமோகுளோபின், தைராய்டு. இளம் பெண்களில் ரத்தசோகையும் சரி, தைராய்டு கூடிப்போவதும் சரி, இதே படபடப்பைக் கொடுக்கும். அப்புறம் கோப்பி. எத்தனை குவளை என்று நீங்கள் எழுதவில்லை. குடித்த காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்; மதியத்துக்கு மேல் வேண்டாம். அம்மா சுற்றிப் போட்டதில் தப்பில்லை. மிளகாய் நெடி அடங்கியதும் கிளினிக்குக்குக் கிளம்புங்கள்.

பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, குடலும் கலங்குகிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். காஸ்ட்ரிக் மாத்திரைக்கு இதில் பெரிய வேலை இல்லை.

தெரியாத மொழியில் பேச்சு ஓடும்போது நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. முகங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். என்னைப் பற்றியா பேசினார்கள், இப்போது நான் சிரிக்க வேண்டுமா? எட்டு மணி நேரமும் இந்தக் காவல் வேலை. இதற்கு ஓ.டி., அதாவது கூடுதல் நேரச் சம்பளம், கிடையாது. நான் ஹவுஸ்மனாக, அதாவது பயிற்சி மருத்துவராக, இருந்த ஆஸ்பத்திரியில், தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் ஒரு மேலதிகாரி, "உன் அப்பா கள்ளு குடிப்பாரா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். நானும் சிரித்துவைத்தேன். ராத்திரி சோறு இறங்கவில்லை.

அந்தப் படத்தைப் பற்றி: என் அம்மா வெட்டிய பாலில்தான் நான் படித்தேன், பால் வெட்டுவது கேவலம் என்று நீங்களும் சொல்லவில்லை. மூன்று பக்கத்திலும் அதுவே என்றால்தான் உறுத்துகிறது. மேசையைச் சுற்றி யார் இருக்கிறார்களோ, அவர்களுக்குத் தெரிந்த அப்பாதான் படத்தில் வருவார். அமெரிக்காவில் லீ அண்ட் லோ என்ற பதிப்பகம் அந்நாட்டுப் பதிப்புத் துறையில் கணக்கெடுத்தது. 2015இல் 79 சதவீதம் பேர் வெள்ளையர், 2019இல் 76. அங்கேயும் மாற்றம் இந்த வேகத்தில்தான். நீங்கள் சொன்னது பதிப்பாசிரியர் சொல்ல வேண்டிய திருத்தம். அதில் சென்சிட்டிவ் எங்கே வந்தது?

மனநோயா என்றால், பரிசோதிக்காமல் பெயர் வைக்க மாட்டேன். வேலையால் உண்டாகும் சோர்வை உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் நோய் என்று சொல்லவில்லை, வேலையிடம் சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. ஆனால் அதை அப்படியே விட்டுவைத்தால் பதற்ற நோயாகவோ மனச்சோர்வாகவோ முற்றலாம். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9, பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி-7 என்ற இரண்டு கேள்வித்தாளையும் கேளுங்கள். ஒன்றில் ஒன்பது கேள்வி, மற்றதில் ஏழு. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். பலருக்கு ஆலோசகரோடு பேசும் சிகிச்சையே போதும். மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது. எம்.சி.யில் (மருத்துவ விடுப்புச் சான்றிதழில்) நோயின் பெயரை நான் எழுதுவதில்லை. மூன்று வருட வேலைக்குச் சட்டப்படி வருடத்துக்கு 18 நாள் மருத்துவ விடுப்பு சம்பளத்தோடு உண்டு.

படபடப்போடு மயக்கம் வந்தால், படியேறும்போது நெஞ்சு வலித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செத்துப்போகலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் பிஃப்ரெண்டர்ஸ் என்ற உதவித் தொலைபேசிச் சேவையை 03-7627 2929இல் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். தற்கொலை முயற்சி 2023இலிருந்து இங்கே குற்றமும் இல்லை.

வேலையை விடுவது பிறகு. தூக்கம் கெட்ட மாதத்தில் ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள். இன்று ராத்திரியிலிருந்து கைப்பேசி சமையலறையில் சார்ஜ் ஆகட்டும். பத்து மணி வாட்ஸ்அப்புக்குக் காலையில் பதில் போடலாம். பிரிவுத் தலைவரிடம் தனியாகப் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மீட்டிங் முடிவில் ஐந்து நிமிடம், எடுத்த முடிவுகளை மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்ல வேண்டும். "என்னை மதியுங்கள்" என்றால் மழுப்புவார்கள், ஐந்து நிமிடத்தை மறுக்கச் சங்கடப்படுவார்கள். 1955 வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. சில நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க எழுத்தில் விண்ணப்பித்தால் 60 நாளில் முதலாளி எழுத்தில் பதில் தர வேண்டும். பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் இலாகாவிலும் விசாரிப்பார்கள். அதற்கு இப்போதே ஓட வேண்டாம். நடப்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

ரத்த முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தப் படப்புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால், மூன்றாம் பக்கத்தை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். இந்த முறை மின்னஞ்சலில்.