நர்சம்மா பதில்கள்: ஊர் மாறினால் ஊசி என்னாகும்?

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் நம் நர்சம்மா. இந்த இதழில் தடுப்பூசிக்கு நேரம் கிடைக்காமல் அல்லாடும் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எனக்குத் தலைப்பிரசவம், தென்காசிப் பக்கம் அம்மா வீட்டில்தான் இருந்தேன். பிறந்ததும் போடும் ஊசியும் 6-வது வார ஊசியும் அங்கேயே போட்டாயிற்று. இப்போது சென்னை மேடவாக்கத்துக்கு வந்துவிட்டோம். 10-வது வார ஊசிக்கு, தடுப்பூசிப் பதிவுக்கான அரசின் யு-வின் இணையதளத்தில் நேரம் எடுக்கலாம் என்றால், ஓ.டி.பி. அப்பாவின் போனுக்குப் போகிறது. அவர் வயலுக்குப் போனால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர். அவர் எடுத்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. ஒரு தடவை உள்ளே போனபோது, பக்கத்து நிலையத்துக்குத் தேதியே காட்டவில்லை. நேரில் போனால் "இது நம்ம ஏரியா குழந்தை இல்லையே, உங்க ஊர்லயே போட்டுக்கோங்க" என்கிறார்கள். குழந்தைக்கு 13 வாரம் முடிந்துவிட்டது. எல்லா ஊசியையும் முதலிலிருந்து போட வேண்டுமா? தனியாரில் போட்டுவிடலாம் என்கிறார் மாமியார். (ஒரு வாசகி, மேடவாக்கம்)

பதில்: முதலிலிருந்து போட வேண்டியதில்லை அம்மா. போட்ட ஊசி போட்டதுதான், நடுவில் சில வாரம் கூடியதால் அது வீணாகாது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உங்கள் குழந்தைக்குப் பாக்கி இருப்பது பென்டா (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) இரண்டாம் தவணை, போலியோ சொட்டு மருந்து, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து. வரும் புதன்கிழமையே போட்டுவிடுங்கள். ஒரு விஷயம் மட்டும் கவனம். அட்டையில் அடுத்தது 14-வது வாரம் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு மறுவாரமே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு பென்டாவுக்கும் அடுத்த பென்டாவுக்கும் குறைந்தது 4 வாரம் இடைவெளி வேண்டும். ஊசி போட்ட தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஓ.டி.பி. சங்கதி. 2021 மே மாதத்தில் 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கு கோவிட் ஊசி திறந்துவிட்டபோது, கோவின் தளத்தில் நேரம் எடுத்தால்தான் ஊசி என்ற நிலை இருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் இடம் தீர்ந்துபோகும். அந்த நினைப்பு நம் எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது, திரையில் நேரம் காட்டினால்தான் ஊசி உண்டு என்று. குழந்தைத் தடுப்பூசி அப்படி இல்லை. யு-வின் 2023 ஜனவரியில் மாநிலத்துக்கு இரண்டு மாவட்டம் என்று சோதனையாக வந்து, பிறகு நாடு முழுக்கப் பரவியது. எந்தக் குழந்தைக்கு எது போட்டாயிற்று, எது பாக்கி என்று பதிந்து வைப்பதும், குழந்தை ஊர் மாறினால் அந்தக் கணக்கு கூடவே போவதும்தான் அதன் முக்கிய வேலை. நேரம் எடுப்பது உங்கள் வசதிக்கு. எடுக்காமல் நேரில் போனாலும் அங்கேயே செவிலியர் பதிவு செய்து போடலாம். தேதி காட்டவில்லை என்பதாலேயே அங்கே ஊசி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிலையத்துக்காரர்கள் அந்த நாளைத் தளத்தில் ஏற்றினால்தான் உங்களுக்குத் தெரியும். ஏற்ற மறந்த புதன்கிழமையிலும் வாசலில் குழந்தைகள் அழுதுகொண்டுதான் இருப்பார்கள்.

ஏன் புதன்கிழமை, வியாழன் போனால் ஆகாதா என்று பலரும் கோபப்படுகிறார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் மற்ற நாட்களிலும் போடுவதுண்டு. ஆனால் தமிழ்நாட்டில் துணை சுகாதார நிலையம், அங்கன்வாடி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்று எங்கே போனாலும் புதன்தான் ஊசி நாள். துணை நிலையத்தில் மருந்து வைக்கக் குளிர்பெட்டி கிடையாது. அன்று காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சின்னக் குளிர்ப்பெட்டியில் வரும், மிச்சம் சாயங்காலம் திரும்பிப் போகும். அந்தப் பெட்டியை அடுக்குவதே ஒரு வேலை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே உள்ளே வைக்கக் கூடாது. வெளியே கொஞ்ச நேரம் வியர்க்க விட்டு, ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்ப்போம். உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டால்தான் பெட்டிக்குள் போகும். ஏனென்றால் பென்டா உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். சூடும் ஆகாது, உறையவும் கூடாது, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காசநோய்க்கான பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லாவுக்கான எம்.ஆர். இரண்டும் பொடியாக வரும். கரைத்துவிட்டால் 4 மணி நேரம்தான் ஆயுள், அதற்குப் பிறகு குப்பியில் எவ்வளவு மிச்சமிருந்தாலும் போடக் கூடாது. ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். அதனால்தான் எல்லோரையும் ஒரே நாளில் கூப்பிடுகிறோம்.

"நம்ம ஏரியா குழந்தை இல்லை" என்று சொன்னதற்கு வருகிறேன். ஒவ்வொரு செவிலியரிடமும் அவர் பகுதியில் அந்த வாரம் யார் யாருக்கு ஊசி என்று ஒரு டியூ லிஸ்ட் இருக்கும். உங்கள் குழந்தை அதில் இல்லை, அவ்வளவுதான் விஷயம். இல்லை என்றால் சேர்த்துக்கொள்ள வேண்டியது அவர் வேலை, திருப்பி அனுப்புவது இல்லை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு போகும் வழக்கம் உள்ள ஊரில், ஊர் மாறி வராத குழந்தை எத்தனை இருக்கும்? எங்கள் பகுதியிலும் பாதிப் பெண்கள் பிள்ளைக்கு மூன்றாம் மாதம் ஆனதும் கிளம்பிப் போவார்கள், வேறு ஊர்ப் பிள்ளைகள் வந்து சேருவார்கள். இத்தனைக்கும் அந்த வரிசையில் நிற்கிற செவிலியர் மேல் எனக்குக் கோபமில்லை. கையில் சிரிஞ்சு, எதிரே நோட்டு, பக்கத்தில் சிணுங்கும் டேப்லெட், இதில் நெட்வொர்க் வேறு போய்விடும். ஆனாலும் குழந்தையைத் திருப்பி அனுப்பியது தப்பு, தப்புதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. புதன் காலை 9 மணிக்கெல்லாம் தாய் சேய் அட்டையோடு போங்கள். அட்டையில் உங்கள் 12 இலக்க ஆர்.சி.எச். எண் (தாய் சேய் நலப் பதிவு எண்) இருக்கும், அது தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அதில் தென்காசி செவிலியரின் போன் எண்ணும் எழுதியிருந்தால், முந்தின நாளே அவருக்குப் பேசி "இங்கே மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு செவிலியரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அப்பாவை அந்த ஒரு காலை மட்டும் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவசரத்தில் உங்கள் எண்ணில் குழந்தையைப் புதிதாகப் பதிவு செய்துவிடாதீர்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு கணக்கு ஆகி, இதில் ஒரு ஊசி அதில் ஒரு ஊசி என்று நிற்கும். அப்புறமும் முடியாது என்றால், நிலையத்தின் மருத்துவ அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். இப்படிக் கேட்டதற்காகக் குழந்தைக்கு யாரும் ஊசியை அழுத்திக் குத்திவிட மாட்டார்கள், அந்தப் பயமும் பல அம்மாக்களுக்கு உண்டு என்பதால் சொல்கிறேன்.

மாமியார் சொல்வதும் தவறில்லை. தனியாரில் போட்டால் காசு ஆகும், இங்கே இலவசம், வித்தியாசம் பெரும்பாலும் அதுதான். அங்கே போட்டாலும் அதே அட்டையில் ஊசியின் பெயரும் தேதியும் எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் செங்கல் சூளையில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. ஒன்றரை வயதுப் பையன், கையில் எந்த அட்டையும் இல்லை. ஆதார் இல்லாமல் ஊசி போடுவார்களா? (ஒரு வாசகர், திருவள்ளூர்)

பதில்: போடுவார்கள் தம்பி. கேட்டு எழுதிய உங்களுக்கு முதலில் ஒரு கும்பிடு. ஆதாரோ அட்டையோ இல்லை என்று குழந்தைக்கு ஊசி மறுக்கக் கூடாது. அந்தப் பகுதி செவிலியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் சூளைக்கே வந்து பார்ப்பார். இடது மேல்கையில் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார், தாயிடம் என்னென்ன போட்டது என்று விசாரிப்பார். ஒன்றும் தெரியவில்லை என்றால் போடாதது என்றே வைத்துக்கொண்டு அந்த வயதுக்கு உரியதைப் போடுவார். எம்.ஆர். 5 வயது வரை போடலாம், அதனால் காலம் கடந்துவிடவில்லை. புதிதாக ஒரு அட்டை கேட்டு வாங்கிக் கொடுங்கள். சூளை வேலை முடிந்து ஊர் திரும்பும்போது மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: கம்பெனி வேலையாக 12 நாளில் கென்யா போகிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு நேரம் கேட்டால் அடுத்த வாரம்தான் என்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாமா? (ஒரு வாசகர், வேளச்சேரி)

பதில்: முடியாது. அதற்கென்று அனுமதி பெற்ற மையங்களில் போட்டால்தான் அந்த மஞ்சள் நிறச் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையமும் துறைமுக சுகாதார அலுவலகமும் போடுகின்றன. இந்த மருந்தும் கரைத்தபின் சில மணி நேரமே தாங்கும். அதனால் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட ஆட்களுக்கு என்று கூப்பிடுகிறார்கள். உங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அடுத்த வாரம் போட்டால் கிளம்பும் நாளில் அது செல்லாது. அந்த நாடு கேட்காமல் விட்டாலும், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். செல்லும் சான்றிதழ் இல்லையென்றால் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். இன்றே பாஸ்போர்ட்டோடு இரண்டு இடத்திலும் விசாரியுங்கள், கிடைக்கவில்லை என்றால் பயணத் தேதியைத் தள்ளச் சொல்லிக் கம்பெனியில் கேளுங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தாலோ, 60 வயது தாண்டியிருந்தாலோ மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். 10 வருடத்துக்கு ஒருமுறை என்பது 2016 ஜூலையோடு போயிற்று.

கேள்வி: தெரு நாய் என் மகளைக் கணுக்காலில் கடித்து ரத்தம் வந்தது. "டோக்கன் முடிஞ்சது, நாளைக்கு வாங்க" என்றார்கள். நாளை வரை காத்திருக்கலாமா? (ஒரு தாய், மதுரை)

பதில்: காத்திருக்க வேண்டாம். இந்தக் கடிதம் அச்சேறுவதற்கு முன்பே நீங்கள் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாய்க்கடிக்கு நேரம் எடுக்கும் பேச்சே கிடையாது. முதலில் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் அப்பாதீர்கள். பிறகு நேராக அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், புறநோயாளி டோக்கன் வரிசையில் நிற்காதீர்கள். ரத்தம் வந்த கடி என்றால் ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். சின்ன நிலையத்தில் அது இல்லை என்றால் எங்கே இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டு அங்கே போங்கள். அரசு மருத்துவமனையில் தோலில் போடும் ஊசி, முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து எண்ணினால், பிறகு 3, 7, 28-ம் நாள் என்று வரும். கடைசி ஊசிக்குத்தான் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. இன்றே காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வையுங்கள்.